முப்பரிமாண வரைபடம்: மாதிரி வைத்துக் கற்பிக்கும்போது எங்கே இடிக்கிறது?

இயற்கணித வகுப்பில் மூன்று அச்சு வரைபடத்தை அட்டை, குச்சி, நூல் கொண்டு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான வழிமுறை இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவான விதி ஒன்று மட்டும் உண்டு: கணக்கு முதலில், கத்தரிக்கோல் பிறகு. குச்சியைக் குத்துவதற்கு முன்பே முனை எங்கே வரும் என்று மாணவர் சொல்லியாக வேண்டும். அட்டையைச் செருகுவதற்கு முன்பே அது எந்தச் சுவரை எங்கே தொடும் என்று எழுதியாக வேண்டும். முதலில் செய்துவிட்டுப் பிறகு பார்த்துச் சொல்வது என்றால் அது கைவினை வகுப்பு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இயற்கணிதம் அங்கே நடக்காது. கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த வரிசை தலைகீழானதால் வருபவை.

அடிப்படைக் கருவி

கெட்டியான அட்டைப்பெட்டியின் ஒரு மூலையை வெட்டி எடுங்கள். தரை ஒன்று, சுவர் இரண்டு. ஒவ்வொன்றும் 20 செ.மீ. சதுரம். மூன்றிலும் கட்டம் போட்ட தாள் ஒட்டி, 2 செ.மீ.க்கு ஓர் அலகு என்று எண்ணிடுங்கள். மூலையைப் பார்த்து உட்கார்ந்தால், இடது சுவரின் அடி விளிம்பு எக்ஸ் அச்சு, வலது சுவரின் அடி விளிம்பு ஒய் அச்சு, சுவர்கள் சேரும் நெட்டு விளிம்பு இசட் அச்சு. தரைக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டிவிட்டால் குச்சி குத்த வசதி. மூங்கில் குச்சியின் கூர்முனையை முன்கூட்டியே நறுக்கிவிடுங்கள். முகத்தை மூலைக்குள் நீட்டித்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க, எக்ஸ் அச்சில் 6, ஒய் அச்சில் 8 ஆகிய குறிகளுக்கு இடையே அளவுகோலை வையுங்கள். 20 செ.மீ. வர வேண்டும். மற்ற இரண்டு சோடி அச்சுகளிலும் இதே சோதனை. அரை செ.மீ. பிசகினாலும் விளிம்பை மீண்டும் ஒட்டுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் தள முக்கோணம் இந்தப் பிசகைக் காட்டிக்கொடுத்துவிடும்; மாணவர் தம் கணக்குத்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

கோளாறு: ஒரே சமன்பாடு, குழுவுக்குக் குழு வேறு உருவம்

கணக்கைத் திருத்தப் போகாதீர்கள், பெட்டியைப் பாருங்கள். ஏதோ ஒரு குழு எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றி எழுதியிருக்கும். அப்படி எழுதிய பெட்டி மற்றதன் கண்ணாடி பிம்பம். எவ்வளவு சுற்றினாலும் ஒன்று மற்றொன்றாகாது.

வலது கைச் சோதனை போதும்: நான்கு விரல்களையும் எக்ஸ் அச்சுப் பக்கம் நீட்டி, ஒய் அச்சுப் பக்கமாக மடக்கினால் கட்டைவிரல் இசட் பக்கம் நிற்க வேண்டும். கீழ்நோக்கி நின்றால் பெயர் மாறியிருக்கிறது. எழுதும் கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு இடது கையால் சோதிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், கவனம்.

கோளாறு: (2, 3, 6) வைக்கச் சொன்னால் மூன்று அச்சிலும் மூன்று புள்ளி வைக்கிறார்

எக்ஸில் 2, ஒய்யில் 3, இசட்டில் 6 என்று குறித்துவிட்டு, “இதில் எது சார் புள்ளி?” என்று கேட்கும் மாணவர் நிஜமாகவே குழம்பியிருக்கிறார். மூன்று எண்ணும் மூன்று முகவரி என்று அவருக்குப் படுகிறது. இருபரிமாணத்தில் ஒரு புள்ளியை நேராகக் கட்டத்தில் வைத்துப் பழகியவருக்கு, இரண்டு எண் சேர்ந்து ஓரிடம் ஆவதன் காரணம் யோசிக்கத் தேவைப்படாமலே போயிருக்கும்.

“இரண்டு தள்ளு, மூன்று நகர், ஆறு ஏறு” என்று நடக்கவைப்பது ஒரு வழி. விரைவாக வேலை செய்யும், ஆனால் ஆழமாகப் போகாது. இன்னொரு வழி: எக்ஸ் 2 என்ற குறியில் வலது சுவருக்கு இணையாக ஓர் அட்டையை நிறுத்துங்கள். அந்த அட்டையில் எங்கே தொட்டாலும் எக்ஸ் 2தான். ஒய் 3ல் இடது சுவருக்கு இணையாக இன்னொன்று. இரண்டும் ஒரு நெட்டுக் கோட்டில் வெட்டிக்கொள்ளும். இசட் 6ல் தரைக்கு இணையாக மூன்றாவது அட்டையைக் கொண்டுவந்தால் அந்தக் கோட்டில் ஒரே ஓர் இடம் மிஞ்சும். ஒவ்வோர் எண்ணும் ஒரு நிபந்தனை, மூன்று நிபந்தனையும் சேரும் இடம் புள்ளி. இதற்குப் பத்து நிமிடம் செலவிட்டால் அடுத்த இரண்டு கோளாறுகள் பெரும்பாலும் வராமலே போகும்.

எல்லாம் புரிந்தும் முனை இடம் தவறுகிறது என்றால் குச்சி சாய்ந்திருக்கிறது. இந்த எடுத்துக்காட்டில் வேண்டுமென்றே (2, 3, 6) எடுத்தேன்: 4 + 9 + 36 = 49, ஆதிப்புள்ளியிலிருந்து முனைக்குச் சரியாக 7 அலகு. மூலையிலிருந்து முனைவரை நூல் பிடித்தால் 14 செ.மீ. வர வேண்டும்.

கோளாறு: “ஒய் = 2 என்பது கோடு” என்று அடித்துச் சொல்கிறார்

இரண்டு ஆண்டு தாளில் அது கோடாகத்தான் இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. எழுதப்படாத மாறிக்கு மதிப்பு பூச்சியம் என்று அவர் மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் எழுதப்படாத மாறிக்குக் கட்டுப்பாடே இல்லை.

விளக்கம் வேண்டாம், கேள்வி கேளுங்கள். “ஒய் 2 ஆக இருக்கும்படி ஆளுக்கு ஒரு குச்சி குத்துங்கள், உயரம் உங்கள் விருப்பம், பக்கத்தில் இருப்பவர் வைத்த இடத்தில் வைக்கக் கூடாது.” ஏழெட்டுக் குச்சி நின்றதும் சுவர் தானாகத் தெரியும்.

பிறகு எக்ஸ்² + ஒய்² = 9. வட்டம் என்பார்கள். முதலில் தரையில் கால் வட்டத்தை வரையட்டும், ஆரம் 3 அலகு, அதாவது 6 செ.மீ. “(0, 3, 5) இந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்துமா?” பொருந்தும். “(3, 0, 8)?” அதுவும் பொருந்தும். இப்போது 9.4 செ.மீ. அகலமுள்ள தாள் ஒன்றை அந்த வளைவின் மேல் நிமிர்த்தி நிறுத்தினால் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை கச்சிதமாக நிற்கும்: உருளையின் கால் பங்கு. அந்த 9.4 எங்கிருந்து வந்தது என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கோளாறு: தாளில் வரைந்த புள்ளியைத் திருப்பிப் படிக்க முடியவில்லை

இது மாணவர் கோளாறே இல்லை, தாளின் கோளாறு. முக்கோணப் புள்ளித் தாளில், மூன்று அச்சும் 120 பாகை இடைவெளியில் இருக்கும்படி வரைந்தால், (2, 3, 4), (1, 2, 3), (0, 1, 2) மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒரே இடத்தில் விழும். மூன்று அச்சிலும் ஒவ்வோர் அலகு நகர்ந்தால் தாளில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம் அல்லவா? நான் இதை முதல் வாரத்திலேயே செய்ய வைத்துவிடுவேன். வகுப்பை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்து, கடைசியில் தாள்களை வெளிச்சத்துக்கு நேராக ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் வரும் சலசலப்புக்கே இந்தப் பாடம் தகும்.

தீர்வு எளிது: தனிப் புள்ளியை ஒருபோதும் ஏற்காதீர்கள். தரையில் அதன் அடித்தடம், அங்கிருந்து ஏறும் நெட்டுக் கோடு, முனையில் புள்ளி. மூன்றும் இருந்தால்தான் மதிப்பெண். பெட்டியில் குச்சி செய்யும் வேலையைத் தாளில் அந்த நெட்டுக் கோடு செய்கிறது.

கோளாறு: குறை எண் வந்தால் நின்றுவிடுகிறார்கள்

பெட்டி மூலையின் பலவீனம் இது. மூன்றும் மிகை எண்ணாக இருக்கும் ஒரு பகுதியை மட்டுமே அது காட்டும், மீதி ஏழு பகுதிகள் இருப்பதே மறந்துபோகும். இரண்டு சதுர அட்டைகளில் விளிம்பின் நடுவிலிருந்து மையம்வரை ஆளுக்கு ஒரு வெட்டுப் போட்டு ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுங்கள். மூன்றாவது அட்டையை நான்கு சின்னச் சதுரமாக வெட்டி, நான்கு இடுக்கிலும் நடு உயரத்தில் ஒட்டுங்கள். எட்டு அறை கிடைக்கும். அறைகளுக்கு எண் கொடுக்காமல் குறியால் அழையுங்கள்: “மிகை, குறை, மிகை”. எண்ணிடும் மரபு நூலுக்கு நூல் மாறும், குறி மாறாது.

கோளாறு: தளம் பெட்டிக்குள் உட்கார மறுக்கிறது

எடுத்துக்காட்டு 2 எக்ஸ் + 3 ஒய் + 4 இசட் = 12. வெட்டுத்துண்டுகள், அதாவது தளம் மூன்று அச்சையும் வெட்டும் எண்கள், 6, 4, 3. இதுவரை எல்லாரும் வந்துவிடுவார்கள். வழக்கமாக இங்கே மூன்று அச்சுப் புள்ளிகளையும் நூலால் இணைத்து முடித்துவிடுகிறோம். அப்படிச் செய்யாமல், அந்தத் தளத்துண்டைப் பெட்டியைத் தொடாமலே அட்டையில் வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பக்கங்களைக் கணக்கிட வேண்டும். 6ம் 4ம் தாங்கும் செங்கோண முக்கோணத்தின் கர்ணம் √52, ஏறத்தாழ 7.2. 6ம் 3ம் என்றால் √45, ஏறத்தாழ 6.7. 4ம் 3ம் என்றால் சரியாக 5. அலகு 2 செ.மீ. என்பதால் 14.4, 13.4, 10 செ.மீ. பக்கங்களுள்ள முக்கோணத்தைக் கவராயம் வைத்து வரைந்து வெட்டி மூலையில் வைத்தால், மூன்று முனையும் மூன்று அச்சிலும் தத்தம் எண்ணில் போய் உட்காரும். முன்கூட்டிக் கணக்கிட்ட ஒன்று கையில் அப்படிப் பொருந்தும்போது வகுப்பில் ஒரு கணம் பேச்சு நின்றுபோகும்.

பொருந்தாவிட்டால் எப்படிப் பொருந்தவில்லை என்பதே நோயைச் சொல்லிவிடும். ஒரு முனை மட்டும் அச்சைத் தொடாமல் தொங்கினால், அந்த முனையில் சேரும் இரண்டு பக்கங்களில் ஒன்றின் கர்ணக் கணக்குத் தவறு. முனைகள் அச்சில் இருந்தும் எண்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நின்றால், மூலை செங்கோணமாக இல்லை. அட்டையைக் குப்புறத் திருப்பினால்தான் பொருந்துகிறது என்றால், ஒன்று முக்கோணம் புரட்டி வரையப்பட்டிருக்கிறது, அல்லது மேலே சொன்ன எக்ஸ், ஒய் இடமாற்றம். மூன்று பக்கமும் வெவ்வேறு நீளம் என்பதால் இந்த முக்கோணம் எதையும் மறைக்காது. 6, 6, 6 என்று சமபக்கம் வரும் சமன்பாட்டை முதல் எடுத்துக்காட்டாக எடுக்க வேண்டாம் என்பது இதனால்தான். அது எல்லாத் தவறையும் மன்னித்துவிடும்.

அட்டை உட்கார்ந்த பிறகு இன்னொரு சோதனை. முழு எண்களே வரும்படி, மூன்றும் பூச்சியத்தைவிடப் பெரிதாக, இந்தத் தளத்தில் எத்தனை புள்ளி உண்டு? ஒன்றே ஒன்று: (1, 2, 1). முக்கோணத்தை எடுத்துவிட்டு, தரையில் (1, 2) இடத்தில் 2 செ.மீ. உயரக் குச்சியைக் குத்தி, மீண்டும் முக்கோணத்தை வையுங்கள். குச்சியின் தலை அட்டையை இடிக்காமல், இடைவெளியும் விடாமல் தொட்டு நிற்கும்.

இந்த முக்கோண அட்டையே ஒரு புது நோயையும் உண்டாக்கும்: “தளம் என்றால் முக்கோணம்.” முக்கோணம் நம் பெட்டிக்குள் தெரியும் துண்டு மட்டுமே. (6, 4) இடத்தில் தளத்தின் உயரம் என்ன என்று கேளுங்கள். 12 + 12 + 4 இசட் = 12, ஆகவே இசட் −3. தரைக்குக் கீழே போய்விட்டது. எக்ஸ் −2, ஒய் 0 என்றால் இசட் 4. வலது சுவரைத் துளைத்து அப்பால் ஏறுகிறது. எட்டு அறை மாதிரியில் பெரிய தாளைச் சாய்த்துப் பிடித்துக் காட்டுவது நல்லது. பொருந்தவே பொருந்தாது, கிழிக்க வேண்டிவரும். கிழியட்டும்.

வலப்பக்கம் பூச்சியமாக இருக்கும் எக்ஸ் + ஒய் − இசட் = 0 போன்றவற்றில் மூன்று வெட்டுத்துண்டும் பூச்சியம். முறையை மனப்பாடமாகப் பிடித்தவர் இங்கே கைவிட்டுவிடுவார். இசட் = எக்ஸ் + ஒய் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். இடது சுவரில் ஒய் 0, எனவே இசட் = எக்ஸ், 45 பாகைக் கோடு. வலது சுவரிலும் அப்படியே. அந்த இரண்டு கோட்டையும் தொடும்படி ஒரு தாளைப் பிடித்தால் அதுவே தளம். சுவரில் விழும் கோடுதான் அடிப்படை, வெட்டுத்துண்டு அதன் குறுக்குவழி.

கோளாறு: மூன்று சமன்பாட்டைத் தீர்த்துவிடுகிறார், என்ன தீர்த்தார் என்று தெரியவில்லை

எக்ஸ் + ஒய் + இசட் = 6
எக்ஸ் − ஒய் + இசட் = 2
எக்ஸ் + ஒய் − இசட் = 0

விடை (1, 2, 3) இரண்டு நிமிடத்தில் வரும். “முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தபோது 2 ஒய் = 4 வந்ததே, அது என்ன?” என்று கேளுங்கள். பதில் வராது.

அது ஒரு புதிய தளம். முதல் இரண்டு தளங்களும் வெட்டிக்கொள்ளும் கோடு எதுவோ, அதே கோட்டின் வழியாகப் போகும் தளம். ஒரு குச்சியைச் சாய்வாகப் பிடித்து, அதில் மூன்று அட்டைகளை, புத்தகத்தின் முதுகில் பக்கங்கள் சேர்ந்திருப்பதுபோல ஒட்டிக் காட்டுங்கள். இரண்டு அட்டைகள், கணக்கில் கொடுத்திருந்த முதல் இரண்டு சமன்பாடுகள். மூன்றாவது கழித்தலில் வந்தது. கூட்டிக் கழிக்கும்போதெல்லாம் அந்தக் குச்சியைச் சுற்றி அட்டை திரும்புகிறது, குச்சி அசைவதில்லை. சாய்ந்த அட்டையை ஒய் = 2 என்று சுவருக்கு இணையாக வரும்வரை திருப்புவதுதான் நீக்கல் முறை. கடைசியில் எக்ஸ் = 1, ஒய் = 2, இசட் = 3 என்று மூன்று நேரான தளங்கள் மிஞ்சுகின்றன, அவை சேரும் இடம் எப்போதும்போல மூலை. தீர்வு இடம் பெயரவே இல்லை, தளங்கள்தான் நமக்கு வசதியாகத் திரும்பின. முழுப் பாடத்திலும் மாதிரியால் மட்டுமே காட்ட முடிகிற விஷயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தீர்வில்லாத நிலையில் வேறொரு பிசகு வரும்: “இரண்டிரண்டாக வெட்டிக்கொள்கின்றனவே, அப்படியானால் தீர்வு உண்டு.” பெட்டியே போதும். எக்ஸ் = 0 வலது சுவர், ஒய் = 0 இடது சுவர். எக்ஸ் + ஒய் = 6 என்ற அட்டையை இரண்டு சுவருக்கும் குறுக்காக நிமிர்த்தி நிறுத்துங்கள். எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு நெட்டுக் கோட்டில் சந்திக்கின்றன. மூன்று கோடும் இணை, மூன்றுக்கும் பொதுவான இடம் இல்லை. சமன்பாட்டில் 0 + 0 = 6 என்று வருகிறதே, அந்த அபத்தம் இப்படித்தான் இருக்கும். இப்போது அட்டையை மூலைப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போங்கள்: 6, 5, 4... எக்ஸ் + ஒய் = 0 ஆனதும் மூன்று கோடும் இசட் அச்சில் ஒன்றாகிவிடும், தீர்வு எண்ணிலடங்காமல் போய்விடும். ஒரே ஓர் எண் மாறியதில் ஒன்றுமில்லாததிலிருந்து எல்லையில்லாததுக்குத் தாவியதைக் கையால் தள்ளியே பார்த்தாயிற்று.

கோளாறு: இசட் = எக்ஸ்² + ஒய்² கொடுத்தால் சுவரில் ஒரு பரவளையம் வரைந்து நிறுத்திக்கொள்கிறார்

எக்ஸ் 0 என்று வைத்த ஒரு வெட்டை மட்டும் பார்த்திருக்கிறார். மற்ற வெட்டுகளைக் கேளுங்கள்: எக்ஸ் 1 என்றால் இசட் = ஒய்² + 1. எக்ஸ் 2 என்றால் இசட் = ஒய்² + 4. அதே பரவளையம், மேலே தூக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே வெட்டி எடுக்க ஒரே ஒரு வார்ப்பு அட்டை போதும். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஐந்து வேறு வளைவு வரையப் போகிறோமா, ஒன்று போதுமா என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

இந்த வெட்டுகளை அட்டையில் வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிச் செய்யும் மாதிரிக்கு அளவு: கிடையில் அலகு 3 செ.மீ., உயரத்தில் 1 செ.மீ. எக்ஸ் −2 முதல் 2 வரை ஐந்து அட்டை, ஒய்க்கு ஐந்து அட்டை. எல்லா அட்டைக்கும் அடியில் 2 செ.மீ. கூடுதலாக விடுங்கள், இல்லாவிட்டால் நடு அட்டை மையத்தில் இரண்டாகத் துண்டாகிவிடும். பக்கத்திலும் அரை அலகு கூட்டி 15 செ.மீ. அகலம் வையுங்கள், கடைசிச் செருகு வெட்டு விளிம்பிலேயே வந்து பிய்ந்துபோகாமல் இருக்கும்.

அட்டைகள் செருகவில்லை என்றால் மூன்றே காரணம். இரண்டு வரிசையிலும் வெட்டு மேலிருந்தே போட்டிருப்பார்கள். ஒரு வரிசைக்கு மேலிருந்து, மறு வரிசைக்குக் கீழிருந்து வேண்டும். அல்லது வெட்டின் அகலம் அட்டையின் தடிமனைவிடக் குறைவு. அல்லது ஆழக் கணக்குத் தவறு. மூன்றாவதுதான் இயற்கணிதம்: (1, 2) இடத்தில் மொத்த உயரம் 1 + 4 + 2 = 7 செ.மீ., இரண்டு அட்டைக்கும் பாதிப் பாதி, 3.5 செ.மீ. வெட்டு. ஓர் அட்டை மட்டும் தலைதூக்கி நின்றால் அந்தச் சந்திப்பின் உயரத்தை மீண்டும் கணக்கிடச் சொல்லுங்கள்.

“கிண்ணம் தட்டையாக இருக்கிறதே” என்று யாராவது கேட்பார்கள். கேட்டவரைப் பாராட்டுங்கள்: உயர அலகும் கிடை அலகும் வேறு வேறு என்பதால்தான். ஆனால் குறுக்குவெட்டு வட்டமாகவே இருக்கும். மேசையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில், அதாவது இசட் 4ல், வண்ண நூலைச் சுற்றினால் 6 செ.மீ. ஆரமுள்ள வட்டம் கிடைக்கும்.

இதே வார்ப்பு அட்டையைக் குப்புறக் கவிழ்த்தால் அடுத்த பாடமும் தயார். இசட் = எக்ஸ்² − ஒய்² என்பதில் எக்ஸ் வெட்டுகள் எல்லாம் கவிழ்ந்த பரவளையம், ஒய் வெட்டுகள் எல்லாம் நிமிர்ந்தவை. அடிக் கூடுதலை மட்டும் அதிகமாக்குங்கள், −4வரை இறங்குகிறது. விளிம்பில் கூட்டிய அரை அலகில் இன்னும் கொஞ்சம் கீழே போகும். 9 செ.மீ. விட்டால் பயமில்லை.

இப்படிச் செய்வது ஒன்றும் புதிதல்ல. 1870களின் பிற்பகுதியில் கணிதவியலாளர்கள் பெலிக்ஸ் கிளைனும் அலெக்சாண்டர் பிரில்லும் மியூனிக்கில் தங்கள் மாணவர்களைக் கொண்டு வளைபரப்புகளின் மாதிரிகளைச் செய்ய வைத்தார்கள். அவர்களுக்கும் முன்னால், பிரெஞ்சுக் கணிதவியலாளர் தியோடர் ஒலிவியே நூல் கட்டிய மாதிரிகளுக்குப் பெயர் பெற்றவர்.

கோளாறு: “வளைந்த பரப்பில் நேர்க்கோடு எப்படி இருக்கும்?”

அந்த நூல் மாதிரிதான் மருந்து. இசட் = எக்ஸ் × ஒய். எக்ஸை 1 என்று வைத்தால் இசட் = ஒய், நேர்க்கோடு. 2 என்று வைத்தால் இசட் = 2 ஒய், அதுவும் நேர்க்கோடு. சதுர அடியுள்ள பெட்டியில், எதிரெதிர்ச் சுவர் இரண்டில் சாய்கோட்டில் ஐந்து ஐந்து துளை போடுங்கள்: ஒரு சுவரில் ஏறுமுகம், எதிர்ச் சுவரில் இறங்குமுகம். எதிரெதிரே ஒரே ஒய் மதிப்புள்ள துளைகளை நூலால் இழுத்துக் கட்டினால் சேணம் போன்ற பரப்பு எழும். அடுத்த இரு சுவர்களிலும் அப்படியே கட்டினால் இரண்டாம் வரிசை நூல்கள் முதல் வரிசையை ஒவ்வொரு சந்திப்பிலும் தொட்டுக்கொண்டே போகும். தொடாமல் மேலே மிதந்தால் அந்தத் துளையின் உயரம் தவறு. நூல் தொய்ந்தால் அது நேர்க்கோடே அல்ல, மீள்நூல் பயன்படுத்துங்கள்.

கோளாறு: மாதிரி இருந்தால் எல்லாம் சரி, தேர்வுத் தாளில் ஒன்றும் இல்லை

மிகவும் அடிக்கடி வருவதும், ஆசிரியரை மிகவும் சோர்வடைய வைப்பதும் இதுதான். மாதிரியிலிருந்து தாளுக்கு நேராகக் குதிக்கச் சொல்கிறோம், நடுவில் படிக்கட்டு இல்லை.

முதல் படி, மாதிரியை எட்ட வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெரிவதை அப்படியே வரையச் சொல்லுங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஆழம் தெரியும், தாளில் அது கிடையாது. ஒரு கண்ணில் மாதிரியும் தட்டையாகிவிடும். எந்த விளிம்பு எதை மறைக்கிறது, எங்கே புள்ளிக்கோடு போட வேண்டும் என்பது இங்கேதான் பிடிபடும். அடுத்த நாள் மாதிரியைத் துணியால் மூடி வையுங்கள். வரைந்து முடித்தவர் மட்டும் துணியை விலக்கி ஒப்பிடலாம். அதற்கடுத்த வாரம் மாதிரி அலமாரியில். கேட்பவருக்கு எடுத்துக் கொடுங்கள், ஆனால் எதைச் சரிபார்க்கப் போகிறார் என்று எழுதிக் காட்டிய பிறகே.

எதிர்த் திசையிலும் பயிற்சி வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வரைந்த படத்தைக் கொடுத்து அதிலிருந்து மாதிரி செய்யச் சொல்லுங்கள். அல்லது பெட்டியில் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துச் சமன்பாடு எழுதச் சொல்லுங்கள். 5, 2, 10ல் அச்சுகளைத் தொடும் அட்டைக்கு 2 எக்ஸ் + 5 ஒய் + இசட் = 10 என்று எழுதத் தெரிந்தவருக்குப் பெட்டி இனி தேவையில்லை.

ஜியோஜிப்ரா போன்ற செயலிகளை எப்போது கொண்டுவருவது? துணி மூடிய கட்டத்துக்குப் பிறகு. முன்பே கொடுத்தால் படத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள், அழகாக இருக்கும், எண் எதுவும் மனதில் நிற்காது. பிறகு கொடுத்தால் அட்டையால் செய்ய முடியாததைச் செய்யலாம்: கெழுவை மெல்ல மாற்றித் தளம் சாய்வதைப் பார்ப்பது, எட்டுப் பகுதியிலும் ஒரே நேரத்தில் பரப்பைப் பார்ப்பது. அங்கேயும் திரையை இயக்குவதற்கு முன் ஒரு வரி எழுத வேண்டும்: எந்தச் சுவரில், எந்தக் கோடு.